காதால் படித்த ஓலை

சுவடியியல் செய்முறைத் தேர்வு நடந்த அறையில் எலுமிச்சைப்புல் எண்ணெயின் வாசம் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. ஓலைகளைப் பூச்சி அரிக்காமல் இருக்கத் தடவும் எண்ணெய் அது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்றது. எனக்கு எதிரே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெற்றிலைச் சீவல் மணம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் அவர்தான் என்று தெரிந்துகொண்டேன்.

"பேரென்னம்மா?"

"மல்லிகாங்க ஐயா. துறையூர்ப் பக்கம்."

அவர் ஓலையை என்னிடம் நீட்டியிருக்க வேண்டும். நான் கையை நீட்டவில்லை.

"கண்ணு...?"

"தெரியாதுங்க. சின்ன வயசுல அம்மை போட்டதுல போயிடுச்சு."

பக்கத்தில் நின்ற சிவகாமி அம்மாவின் குரல் கேட்டது. எங்களுக்குச் சுவடிப் பாடம் எடுத்தவர். "இந்தப் பொண்ணுக்கும் எல்லாருக்கும் வைக்கிற அதே தேர்வுதாங்க. ஓலையைக் கொடுங்க."

"கொடுக்கலாம்மா. யாரு படிச்சுச் சொல்றது?"

அதுதான் சிக்கல். எனக்கு ஓலை படித்துச் சொல்லத் தயாராக வாசலில் நின்றிருந்தாள் என் தோழி கோதை. அவளை உள்ளே விட முடியாது என்று அன்று காலையில்தான் தேர்வுப் பிரிவிலிருந்து வந்தவர் சொல்லியிருந்தார். தேர்வில் உதவிக்கு இருப்பவர் அந்தப் பாடம் தெரியாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. பாடம் தெரியாதவருக்கு ஓலையில் இருப்பது எழுத்தா எறும்பு ஊர்ந்த தடமா என்பதே தெரியாது.

அந்த அறையில் அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டுமானால், நான் எப்படி அங்கே போய் உட்கார்ந்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

பாத்திரக் கடைக்கு மேலே

நான் படித்த பள்ளியைப் பற்றி இந்தத் தொடரில் எழுதிய வாரம், கே.கே. நகரிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டார்: "நீங்க படிச்ச டிபார்ட்மென்ட்டுக்கே தலைவரா வந்தவங்க. அது எப்படி ஆரம்பிச்சதுன்னு ஒரு வரிகூட எழுதலையேம்மா?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தொடக்கத்தில் நான் இல்லை. சிவகாமி அம்மா சொல்லக் கேட்டதுதான். அவர் துறையின் முதல் ஆண்டு மாணவர்களில் ஒருவர்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கிய முதுகலை தொடங்கியபோது அதற்குச் சொந்தமாக ஒரு சுவர்கூடக் கிடையாது. சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் வகுப்பு. கீழே அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். வெளியே கண்டக்டர்கள் "துறையூர் துறையூர் துறையூர்!" என்று மூச்சு விடாமல் கூவுவார்கள். அதற்கு நடுவே பழந்தமிழ்ப் பாட்டு.

துறையைத் தொடங்கியவர் பேராசிரியர் ஆரோக்கியம். நாங்கள் எல்லோரும் 'ஐயா' என்றுதான் சொல்வோம். அந்த மாடியில் பாடம் நடத்தியே அவர் குரல் பெரிதாகிவிட்டது. பிறகு ஊருக்குத் தெற்கே, பொட்டல் வெளியில், புதுக் கட்டடத்துக்குத் துறை போன பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை. "ஐயா, இங்க பஸ் இல்லைங்க, மெதுவாப் பேசலாம்" என்று யாரோ சொன்னார்களாம். "காத்து இருக்குல்ல?" என்றாராம் ஐயா.

அவர் வைத்த ஒரே சட்டம், இங்கே நோட்ஸ் கிடையாது. மற்ற இடங்களில் ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவார்கள். ஐயாவின் வகுப்பில் நூலை எடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, ஆளுக்குக் கொஞ்சமாக உரக்கப் படிக்க வேண்டும். படித்த பிறகுதான் பேச்சு. முதலில் சேர்ந்தவர்களில் சிலர் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு தகப்பனார் சண்டைக்கே வந்துவிட்டார்.

"என்னங்க காலேஜ் இது? நோட்ஸே தரமாட்டீங்களாமே?"

"புத்தகமே தர்றோமுங்க" என்றாராம் ஐயா.

பார்வையற்றவர்களுக்காக ஒன்றும் அந்தச் சட்டம் வரவில்லை. எங்களைப் பற்றி அப்போது யாரும் நினைத்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் தமிழ்நாட்டில் எனக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல ஒரு வகுப்பு இருந்தது என்றால் அது அதுதான். இளங்கலை முழுக்க யாராவது படித்துக் காட்டமாட்டார்களா என்று விடுதியில் ஒவ்வொரு கதவாகத் தட்டியவள் நான். இங்கே வகுப்பே படித்துக் காட்டியது.

"இரக்க மார்க் போட எனக்குத் தெரியாது"

நேர்காணலுக்கு அப்பாவுடன் போனேன். அப்பா விவசாயி. காலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

உள்ளே ஐயா என்னிடம் ஒரு வெண்பாவைச் சொல்லி, அதில் ஓரிடத்தில் வேண்டுமென்றே சொல்லை மாற்றினார். "இடிக்குதுங்க ஐயா" என்றேன். எங்கே இடிக்கிறது என்று கேட்டார், சொன்னேன். பள்ளியில் எங்களுக்கு பிரெய்ல் நூல்கள் குறைவு. கிடைத்த பாட்டையெல்லாம் மனத்தில்தான் அடுக்கி வைத்திருந்தோம். ஓசை தப்பினால் அடுக்கு சரியும், அவ்வளவுதான்.

"சேத்துக்கலாம்" என்றார் ஐயா.

அப்போதுதான் சிவகாமி அம்மா பேசினார். "சேக்க வேணாம்னு நான் சொல்லலைங்க. ஆனா சுவடிப் பாடம் கட்டாயம். ஓலையை எடுத்து ஓலையிலேருந்து படிக்கணும். இந்தப் பொண்ணு எப்படிப் படிக்கும்? நான் எப்படி மார்க் போடுவேன்? இரக்க மார்க் போட எனக்குத் தெரியாது."

எனக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. அதுவரை என்னைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் 'பாவம்' என்றுதான் தொடங்குவார்கள்.

குழுவில் இருந்த இன்னொருவர் எளிதாக வழி சொன்னார். அந்தப் பாடத்திலிருந்து விலக்குக் கொடுத்துவிடலாம், பதிலாக ஒரு கட்டுரை எழுதட்டும் என்றார்.

"விலக்கு வேண்டாமுங்க" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "எல்லாரும் படிக்கிறதை நானும் படிக்கிறேன். நாளைக்கு நான் வேலைக்குப் போற இடத்துல, 'நீ அந்தப் பாடம் படிக்காதவதானே'ன்னு ஒரு சொல் வரக்கூடாது."

"தேறலைன்னா பட்டம் கிடைக்காது. தெரியுமில்ல?" என்றார் சிவகாமி அம்மா.

"தெரியுமுங்க."

வெளியே வந்து அப்பாவிடம் சொன்னேன். பஸ் ஏறிய பிறகுதான், "அவங்க குடுத்த விலக்கை வாங்கிக்கிட்டிருக்கலாமே பாப்பா" என்றார்.

விரல் தோற்றது

ஓலையில் எழுத்தாணியால் கீறித்தானே எழுதுகிறார்கள்? கீறல் இருந்தால் விரலுக்குத் தெரியாதா? பிரெய்ல் புள்ளிகளைப் படித்த விரல் அல்லவா! இந்த நம்பிக்கையில்தான் நான் அத்தனை வீராப்பாகப் பேசியிருந்தேன்.

முதல் ஓலை கைக்கு வந்த அன்று நம்பிக்கை போய்விட்டது. ஓலை மெல்லியது, விளிம்பு கூர்மை. எழுத்து இருக்கிறது என்பது விரலுக்குத் தெரிந்தது. என்ன எழுத்து என்பது தெரியவில்லை. பிள்ளைகள் சிலேட்டில் கிறுக்கியதைத் துணிக்கு மேலாகத் தடவிப் பார்ப்பது போல இருந்தது. தடவித் தடவி விரல் நுனி எரிந்ததுதான் மிச்சம்.

அழுதுவிட்டேன். சிவகாமி அம்மா தேற்றவில்லை. ஓலையை என் கையிலிருந்து மெதுவாக உருவினார்.

"விரலால முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு வழி கழிஞ்சுது. முகத்தைக் கழுவிட்டு வா. கோதை, நீயும் உக்காரு."

கோதை என் வகுப்புத் தோழி. ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். விடிகாலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, ஆற்றைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி வகுப்புக்கு வருவாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாலே துளசி மணக்கும். வீட்டில் பாராயணம் கேட்டு வளர்ந்தவள் ஆகையால் எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் தங்குதடை இல்லாமல் ஓடுவாள். அந்த ஓட்டம்தான் எங்களுக்கு முதல் எதிரி.

ஓலைச்சுவடியைப் பற்றி ஒன்று சொன்னால்தான் இது விளங்கும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. வைத்தால் ஓலை கிழியும். நெடிலுக்குப் போடும் காலும் 'ர' எழுத்தும் பார்க்க ஒன்றுதான். எகரம், ஏகாரம் என்ற வேறுபாடும் கிடையாது. எனவே கண் பார்ப்பது பாதி. மீதியை அறிவு இட்டு நிரப்ப வேண்டும். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் தங்களை அறியாமலே நிரப்பிவிடுவார்கள். கோதை அப்படித்தான் செய்தாள். தனக்குத் தோன்றிய சொல்லாக ஆக்கி எனக்குச் சொன்னாள்.

"அர்த்தம் பாக்காதே. கண்ணுல பட்ட எழுத்தை மட்டும் சொல்லு" என்றார் அம்மா.

"அது எப்படிம்மா முடியும்? வார்த்தை தன்னால வந்துடறதே!"

"வராம பாத்துக்கோ."

வாரக்கணக்கில் பழகினோம். அவள் கொம்பு, ககரம், கால் அல்லது ரகரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். நான் மனத்துக்குள் வைத்து, புள்ளியை வைத்தும் எடுத்தும், நெடிலாக்கியும் குறிலாக்கியும், ஓசை எங்கே உட்காருகிறது என்று பார்ப்பேன். உட்கார்ந்ததும் சொல்வேன். சில நாள் ஒரு ஓலைக்கு ஒரு மதியம் முழுதும் போகும்.

"டீ மல்லி, நேக்குத் தொண்டை வத்திடுத்துடி. உன் காது வலிக்கலையா?"

"இன்னும் ஒரு அடிதான் கோதை. இதை முடிச்சிட்டு டீ குடிக்கலாம்."

மற்றவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒருநாள் அம்மா எல்லோருடைய படிகளையும் ஒப்பிட்டபோது, எங்கள் படியில் பிழை குறைவாக இருந்தது. தனியாகப் படித்தவர்கள் அவசரப்பட்ட இடங்களில் நாங்கள் நின்றிருந்தோம். அடுத்த வகுப்பிலிருந்து அம்மா எல்லோரையும் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தார். ஒருவர் எழுத்தைச் சொல்ல, மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பார்வையுள்ள பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு தடுமாறியபோது, சொல்லக் கூடாதுதான், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

இன்றும் எங்கள் துறையில் சுவடிப் பாடம் அப்படித்தான் நடக்கிறது. இப்போது ஓலைகளைப் படம் பிடித்துப் பெரிய திரையில் போடுகிறார்கள். எழுத்து உள்ளங்கை அளவுக்குத் தெரியுமாம். ஆனாலும் வகுப்பில் பாதிப் பேர் திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார்கள். வெளியூரிலிருந்து வரும் பேராசிரியர்கள் இதைப் பார்த்துவிட்டு, இந்த முறை எங்கே கற்றது என்று கேட்பார்கள். "இங்கதான்" என்பேன். அப்படிச் சொல்லும்போது என் குரலும் ஐயாவின் குரல் அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது என்று மாணவர்கள் கேலி செய்கிறார்கள்.

பாலா, பரலா?

தேர்வறைக்குத் திரும்புகிறேன்.

கோதைக்கு அனுமதி இல்லை. தேர்வுப் பிரிவுக்காரர் கெட்டவர் இல்லை. விதியை மீறினால் நாளை என் தேர்வே செல்லாது என்றாகிவிடும் என்று உண்மையாகவே கவலைப்பட்டார். சிவகாமி அம்மா தானே படித்துச் சொல்வதாகச் சொன்னார். பாடம் எடுத்தவரே சொல்லக் கூடாது என்றார் தேர்வுப் பிரிவுக்காரர். அறையில் மின்விசிறி மட்டும் 'டக் டக்' என்றது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

நாற்காலி நகர்ந்தது. வெளித்தேர்வாளர் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் படிக்கிறேன். நான் இந்தப் பொண்ணுக்கு உதவி செய்யறதுக்கு வரலை, சோதிக்க வந்திருக்கேன். நானே சொன்னா எந்த விதியும் மீறலையே?"

தேர்வுப் பிரிவுக்காரர் கொஞ்சம் யோசித்து, "மீறலைங்க" என்றார். அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஓலை, துறையூர்ப் பக்கத்து வீடுகளில் துறை திரட்டிய கட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. யார் எழுதினார் என்று தெரியாது. மலையிலிருந்து இறங்கிக் காவிரிக்கு நடந்து போகிறவர்களைப் பற்றிய வெண்பாக்கள். தேர்வாளர் ஓலையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். இரண்டு அடி எந்தத் தடையும் இல்லாமல் வந்தது. மூன்றாவது அடியில், "வெய்ய பால்மேல்..." என்று சொல்லி நிறுத்தினார். "அதுக்கப்புறம் பூச்சி அரிச்சு ஓட்டை. 'ஆடை'ன்னு இருந்திருக்கும்னு நினைக்கிறேன். சூடான பால்மேல படியுற ஆடை. அழகான உவமை."

அவரும் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். கோதையைப் போலவே ஓடிவிட்டார்.

கேட்கலாமா? மார்க் போடுகிறவர் அவர்.

"ஐயா... அந்த இடத்துல பகரத்துக்குப் பக்கத்துல இருக்கறது காலா, ரகரமாங்க?"

"ஓலையில ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"அப்படின்னா ரகரமாத்தான் இருக்கணுமுங்க. பால் இல்லைங்க, பரல். 'வெய்ய பரல்மேல்.'"

"ஏன்?"

"'வெய்ய'ன்னு முடிஞ்சா, வெண்பாவுல அடுத்த சீர் பால்னு நெடில்ல தொடங்க முடியாதுங்க. பரல்னு ரெண்டு குறிலாத் தொடங்கினாத்தான் தளை தட்டாது. அதோட, நடந்து போறவங்களைப் பத்தின பாட்டுங்க இது. வெயில்ல சுடுற பரல் கல்லு மேல நடக்கறாங்க. இதுல பாலுக்கு வேலை இல்லைங்க."

அவர் மேசையில் விரலால் தட்டி, அடியை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வெற்றிலைக்காரர்களுக்கே உரிய, தொண்டையிலிருந்து உருண்டு வரும் சிரிப்பு.

"அம்மா சிவகாமி, சூடு ஆறறதுக்குள்ள பாலைக் குடிக்கப் போனேன் நான். இந்தப் பொண்ணு தட்டிவிட்டுருச்சு."

அதோடு விடவில்லை. எனக்குரிய நேரம் முடிந்த பிறகும் அடுத்த ஓலை, அதற்கடுத்த ஓலை என்று எடுத்துக்கொண்டே போனார். சோதனை எங்கே முடிந்தது, இரண்டு பேர் சேர்ந்து படிப்பது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. ஓரிடத்தில் நான் தப்பாகச் சொன்னேன், அவர் திருத்தினார். இன்னோரிடத்தில் இருவருமே முழித்தோம்.

வெளியே வந்ததும் கோதை என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னடி ஆச்சு? இவ்வளவு நாழி என்ன பண்ணினே? பெருமாளே, உள்ள ஒரே சிரிப்பாக் கேட்டுதே!"

சிவகாமி அம்மா பின்னாலேயே வந்தார். மார்க் எவ்வளவு என்று கோதை கேட்டே விட்டாள்.

"மார்க்கெல்லாம் சொல்லக் கூடாது" என்றார் அம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டு கேன்டீன் வரை விடவில்லை. இரக்கத்தில் ஒரு மார்க்கும் போடாதவரின் கை அது.

துறையூர் பஸ்

அந்தக் கட்டில் இருந்த வெண்பாக்களையே நானும் கோதையும் எங்கள் முதுகலை ஆய்வேடாக எடுத்துக்கொண்டோம். தேர்வாளர் தஞ்சாவூரிலிருந்து அவ்வப்போது வந்து உதவினார். நாங்கள் தேறிய மறு ஆண்டு, துறை அதைப் புத்தகமாக அச்சிட்டது. துறையின் முதல் வெளியீடு அதுதான். இன்றைக்கு எங்கள் வெளியீடுகளுக்குத் தனி அலமாரியே இருக்கிறது. ஆனால் முதல் புத்தகத்தின் புது மை வாசம் வேறு எதிலும் வரவில்லை.

வெளியீட்டு விழாவில் ஐயா ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இந்தப் புத்தகத்தைப் பதிப்பிச்சவங்க ரெண்டு பேர். ஒருத்தர் கண்ணு, ஒருத்தர் காது. இந்தத் துறை எதுக்காக ஆரம்பிச்சதுன்னு என்னை யாராவது கேட்டா இனிமே இதைக் காட்டுவேன்" என்றார். அதோடு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

அப்பா கடைசி வரிசையில் இருந்தாராம். விழா முடிந்து அவரோடு சத்திரம் வந்து துறையூர் பஸ் ஏறினேன். புத்தகத்தை என்னிடம் கொடுக்காமல் அவரே மடியில் வைத்திருந்தார். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். காவிரிப் பாலத்தில் காற்று அடித்தபோது அவர் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்: "என்ன புத்தகங்க? பொண்ணு படிக்கிற புத்தகமா?"

"இல்லைங்க" என்றார் அப்பா. "யாராலயும் படிக்க முடியாம ஓலையில கிடந்துச்சு. எம் பொண்ணுதான் எல்லாரும் படிக்கிற மாதிரி ஆக்கிக் குடுத்துச்சு."

அவர் அதைச் சொன்ன சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கும். கண்டக்டர் வந்தார். "ரெண்டு துறையூர்" என்று சொல்லிவிட்டு, அவரிடமும் அப்பா முதலிலிருந்து ஆரம்பித்தார்.